பத்துப் பக்கக் கதை முந்நூறு பக்க நாவலாகும்போது என்ன நடக்கிறது?

2025 மார்ச்சில் டிஸ்னி நிறுவனத்தின் புதிய 'ஸ்னோ ஒயிட்' திரைப்படம் வெளிவந்தபோது, "அசல் கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப எழுந்தது. எந்த அசல் என்று கேட்டிருந்தால் பலர் சுட்டியிருக்கக்கூடியது, அதே நிறுவனம் 1937இல் எடுத்த கார்ட்டூன் படத்தைத்தான். குள்ளர்கள் ஏழு பேருக்கும் பெயர் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் பதிப்பித்த கதையில் அவர்களுக்குப் பெயரே கிடையாது.

புத்தகங்களிலும் இதே குழப்பம் உண்டு. சிண்டரெல்லா, ரபன்ஸல், அழகியும் அரக்கனும் போன்ற தேவதைக் கதைகளை இளையோருக்கான முழு நாவலாகத் திருப்பி எழுதுவது, ஆங்கிலப் பதிப்புலகில் சுமார் ஐம்பது ஆண்டுகளாகத் தழைத்துவரும் தனி வகை. தெரிந்த கதைதானே என்று பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் உள்ளே புரட்டிப் பார்த்துவிட்டுத் திகைக்கிறார்கள். 2012இல் வந்த 'சிண்டர்' நாவலில் நாயகி பாதி மனுஷி, பாதி இயந்திரம். விருந்திலிருந்து ஓடும்போது படிக்கட்டில் அவள் இழப்பது செருப்பை அல்ல, உலோகப் பாதத்தை.

இது விபரீதமா, வளர்ச்சியா என்று தீர்ப்புச் சொல்லும் முன், ஒரு சிறு கதைக்குள் நாவல் எங்கே நுழைகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

அசல் எது?

வாய்மொழிக் கதைக்கு முதல் பிரதி என்று ஒன்று இருக்க முடியாது. அச்சில் உள்ளவற்றை வரிசைப்படுத்தினாலே இது விளங்கும்.

1. சிண்டரெல்லாவைப் போன்ற கதை சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாயகி யே ஷியன். அவளுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்புகள். இத்தாலியில் பசீலேயின் தொகுப்பு 1634–36இல் வந்தது. நமக்குத் தெரிந்த பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் தேவதைத் தாயும் 1697இல் பிரான்சின் ஷார்ல் பெரோ எழுதியவை. கிரிம் கதையில் இவை மூன்றும் இல்லை. அங்கே தாயின் சமாதியில் ஒரு மரம், அதன்மேல் பறவைகள், கடைசியில் ஒரு தங்கச் செருப்பு. பக்கத்திலேயே கர்நாடகத்தில் முகமூடி அணிந்து நடமாடும் ஹஞ்சியின் கதை இருக்கிறது. நாட்டுப்புறவியல் அறிஞர் ஏ.கே. ராமானுஜன் அதைக் கன்னடச் சிண்டரெல்லாவாகவே அடையாளம் காட்டினார்.

2. கிரிம் சகோதரர்களே தங்கள் நூலை நிலையாக விட்டுவைக்கவில்லை. முதல் பாகம் 1812இல் வந்தது, ஏழாம் பதிப்பு 1857இல். இடையில் வில்ஹெல்ம் கிரிம் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தார். 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹேன்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்ன தாய்க்கு இந்த மாற்றம் 1840 பதிப்பில் நேர்ந்தது. தாய்மையின் புனிதம் கெடக்கூடாது என்ற கவலை!

3. 'அழகியும் அரக்கனும்' கதைக்கு வரலாறு தலைகீழ். அது முதலில் வந்ததே நாவல் அளவில். 1740இல் மதாம் தெ வில்நவ் எழுதிய அந்தப் பிரெஞ்சு ஆக்கத்தில் தேவதைகளின் பகை, அழகியின் பிறப்பு ரகசியம், அரக்கனின் முன்கதை என்று கிளைகள் ஏராளம். இங்கிலாந்தில் ஆசிரியையாகப் பணியாற்றிய மதாம் தெ போமோன் 1756இல் அதைச் சிறுமிகளுக்காகச் சுருக்கினார். பன்னிரண்டு பிள்ளைகளை ஆறாக்கினார், முன்கதைகளை வெட்டினார், பொறாமைக்காரச் சகோதரிகளுக்கு நீதி போதனையோடு தண்டனை கொடுத்தார். உலகம் அறிந்தது இந்தச் சுருக்கத்தைத்தான்.

ஆகவே ஒரு நாவலாசிரியர் கதையை மாற்றினார் என்பது புகாராக நிற்காது. எதற்காக மாற்றினார், மாற்றியதால் கதைக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

தேவதைக் கதை ஏன் சின்னதாக இருக்கிறது?

சுவிட்சர்லாந்து அறிஞர் மேக்ஸ் லூதி 1947இல் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதையின் வடிவத்தைப் பற்றி எழுதிய ஆய்வு இந்த வகையை விளங்கிக்கொள்ள இன்றும் கைகொடுக்கிறது. அவர் சொன்னவற்றில் இரண்டு நமக்குப் போதும்.

முதலாவது, தட்டைத்தன்மை. பாத்திரங்களுக்கு உள்ளம் கிடையாது, உடல் வலி கிடையாது, நினைவின் சுமை கிடையாது. 'ஏழு அண்டங்காக்கைகள்' கதையில் ஒரு சிறுமி சகோதரர்களைத் தேடிக் கண்ணாடி மலைக்குப் போகிறாள். விடிவெள்ளி கொடுத்த சிறிய எலும்புத் துண்டுதான் கதவின் சாவி, அது தொலைந்துவிடுகிறது. அவள் கத்தியை எடுத்துத் தன் சுண்டுவிரலை வெட்டிக் கதவில் நுழைக்கிறாள், கதவு திறக்கிறது. ரத்தம் வந்ததாகக் கதை சொல்லவில்லை. அவள் அழவில்லை. பிறகு அந்த விரலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்கிற குழந்தையும் பயப்படுவதில்லை, ஏனெனில் வெட்டுப்பட்டது சதை அல்ல, கோடு.

இரண்டாவது, ஒற்றைத்தளம். மாயமும் அன்றாடமும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. ஓநாய் பேசினால் சிறுமி பதில் சொல்கிறாள். "நீ எப்படிப் பேசுகிறாய்?" என்று கேட்பதில்லை.

ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். மாயக் கதைகளை 31 செயல்களின் வரிசையாகவும் ஏழு பாத்திர வகைகளாகவும் பிரித்துக் காட்டினார். அந்தக் கணக்கில் வில்லன் என்பவன் ஒரு மனிதன் அல்ல, ஒரு வேலை. அந்த வேலையைச் சூனியக்காரி செய்தாலும் டிராகன் செய்தாலும் கதை நகரும்.

"ஒரு ஊரில் ஒரு ராஜா" என்று தொடங்கும்போது எந்த ஊர், வரி எவ்வளவு என்று நம் வீடுகளிலும் யாரும் கேட்டதில்லை. கதைக்கும் கேட்பவருக்கும் உள்ள ஒப்பந்தம் அது. நாவல் இந்த ஒப்பந்தத்தை முறிக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே நாயகிக்கு ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு பயம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த மறுகணம், வெட்டிய விரல் வலிக்கத் தொடங்குகிறது.

ஒரு கதையை அருகில் வைத்துப் பார்ப்போம்

கிரிம் தொகுப்பின் 89ஆவது கதை, வாத்து மேய்த்த இளவரசி.

ஒரு முதிய அரசி தன் மகளைத் தூர தேசத்து இளவரசனுக்கு மணம் முடிக்க அனுப்புகிறாள். துணைக்கு ஒரே ஒரு பணிப்பெண், பேசும் குதிரை ஃபலாடா, தாயின் மூன்று சொட்டு ரத்தம் பட்ட துணி. அந்த ரத்தமும் பேசும். வழியில் தாகம் எடுக்கிறது. பணிப்பெண் தண்ணீர் கொண்டுவர மறுக்கிறாள். இளவரசி தானே குனிந்து ஓடையில் குடிக்கிறாள், துணி தண்ணீரில் விழுந்து போய்விடுகிறது. அத்தோடு அவளுடைய பலமும் போகிறது. பணிப்பெண் உடையையும் குதிரையையும் மாற்றிக்கொள்கிறாள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறாள். அரண்மனையில் அவள் மணப்பெண், உண்மையான இளவரசி வாத்து மேய்க்கிறாள். குதிரை உண்மையைச் சொல்லிவிடும் என்று அதன் தலையை வெட்டச் செய்கிறாள் பணிப்பெண். அந்தத் தலை நகர வாயிலில் ஆணியடித்துத் தொங்கவிடப்படுகிறது. தினமும் காலையில் வாத்துகளோடு வாயிலைக் கடக்கும்போது இளவரசி தலையைப் பார்த்துப் பேசுகிறாள், அதுவும் பதில் சொல்கிறது: உன் தாய் இதை அறிந்தால் நெஞ்சு வெடித்துப்போவாள். கூட மேய்க்கும் சிறுவன் அவளுடைய பொன்முடியைப் பிடுங்க வரும்போது, காற்றை அழைத்து அவன் தொப்பியைப் பறக்கடிக்கிறாள். சத்தியத்தை மீற முடியாதவளிடம் முதிய அரசர், என்னிடம் சொல்லாவிட்டால் இரும்பு அடுப்பிடம் சொல் என்கிறார். அவள் அடுப்புக்குள் நுழைந்து அழுது சொல்வதை, குழாய் வழியாகக் கேட்டுவிடுகிறார்.

பத்துப் பக்கத்துக்குள் முடிந்துவிடும் கதை. நாவலாக்க உட்காருபவருக்கு இதில் கண்ணில் படும் ஓட்டைகள்:

1. அரசி ஏன் ஒரே ஒருத்தியை மட்டும் துணைக்கு அனுப்பினாள்?
2. ஓர் இளவரசி ஏன் வாய் திறக்காமல் அடங்கிப்போகிறாள்?
3. பணிப்பெண் சொன்னதை ஓர் அரண்மனையே எப்படி நம்பியது?
4. குதிரை பேசுகிறது, காற்று கீழ்ப்படிகிறது, ரத்தத் துளி பேசுகிறது. இவை மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் உண்டா?
5. இவ்வளவு நடந்தும் மாப்பிள்ளை எங்கே இருந்தான்?

அனுபவம் குறைந்த எழுத்தாளர் ஐந்துக்கும் தனித்தனியாகப் பதில் கட்டுவார். அது பழைய வேட்டிக்கு ஒட்டுப் போடும் வேலை. கடைசியில் வேட்டி தெரியாது, ஒட்டுதான் தெரியும். 2003இல் ஷானன் ஹேல் இதே கதையை நாவலாக்கியபோது ஒரே ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அவருடைய உலகில் மூன்று வரங்கள் உண்டு: மனிதரோடு பேசும் வரம், விலங்குகளோடு பேசும் வரம், இயற்கையோடு பேசும் வரம். இளவரசிக்கு விலங்குகளின் பேச்சு வரும், அதனால்தான் குதிரை அவளிடம் பேசுகிறது. காற்றின் மொழியை அவள் மெல்ல மெல்லக் கற்கிறாள், அதனால்தான் தொப்பி பறக்கிறது. அவளுக்கு வராதது மனிதரை வசப்படுத்தும் பேச்சு. அது பணிப்பெண்ணிடம் இருக்கிறது. அரண்மனை ஏன் நம்பியது, இளவரசி ஏன் வாயடைத்தாள் என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயே அடைபடுகின்றன.

இன்னொரு லாபமும் உண்டு. பேசத் தயங்கும் பெண், பேச்சால் ஆளை விழுங்கும் பெண் என்று இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். வகுப்பறையில் கைதூக்க அஞ்சும் பதின்மூன்று வயதுக்காரிக்கு இந்த மோதலை யாரும் விளக்கத் தேவையில்லை. நாவலின் கருப்பொருள் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. கதைக்குள் ஏற்கெனவே கிடந்தது, விதி அதைத் தூக்கிக் காட்டியது.

ஒரே ஓட்டை போதும் என்பதற்கு இன்னொரு சான்று

கெயில் கார்சன் லெவின் 1997இல் எழுதிய 'எல்லா என்சான்டட்' அடுத்த ஆண்டே நியூபெரி கௌரவ விருது பெற்றது. அமெரிக்கச் சிறார் இலக்கியத்தில் அது பெரிய அங்கீகாரம். அந்த நாவல் சிண்டரெல்லா கதையின் ஒரே ஓட்டையில் விரலை வைக்கிறது: அவள் ஏன் சொன்னதையெல்லாம் செய்கிறாள்?

பழைய கதைகள் இதற்குக் கொடுக்கும் பதில் நற்குணம். லெவின் அதைச் சாபமாக்கினார். குழந்தை பிறந்தபோது லூசிண்டா என்ற தேவதை கீழ்ப்படிதலை வரமாகக் கொடுத்துவிடுகிறாள். யார் எதைச் செய் என்று உத்தரவிட்டாலும் எல்லா என்ற அந்தப் பெண் செய்தே ஆக வேண்டும். மாற்றாந்தாயும் சகோதரிகளும் இந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் இடம் எந்த அடி உதையைவிடவும் கொடூரமாக இருக்கிறது.

விளைவு கடைசியில் தெரிகிறது. மூலக்கதையில் செருப்பு பொருந்தினால் கதை முடிந்தது. இங்கே இளவரசன் மணந்துகொள்ளக் கேட்கும்போதுதான் சிக்கல் உச்சம் அடைகிறது. அவள் அரசியானால், அவளுக்கு உத்தரவிடுபவர் எவரும் அவள் கையாலேயே அவனைக் கொல்ல முடியும். எனவே அவள் மறுக்க வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் உத்தரவை மறுத்ததில் சாபம் உடைகிறது. கதையின் எல்லாச் சாமான்களும் இடத்தில் இருக்கின்றன, திருமணமும் நடக்கிறது. ஆனால் பொருள் அப்படியே புரண்டுவிட்டது.

வயதுதான் பெரிய கட்டுப்பாடு

'இளையோர்' என்று பொதுவாகச் சொன்னாலும் பதிப்பகங்கள் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் பதின்பருவத்துக்கு ஒன்று என்று இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. தேவதைக் கதை இந்த எல்லையில் அசௌகரியமாக நிற்கிறது.

1. *நாயகியின் வயது.* கிரிம் கதையில் ஸ்னோ ஒயிட் அரசியைவிட அழகி என்று கண்ணாடி சொல்லும்போது அவளுக்கு ஏழு வயது. தட்டையான கதையில் இது உறுத்துவதில்லை. நாவலில் ஏழு வயதுச் சிறுமியின் கதை கல்யாணத்தில் முடிய முடியாது. ஒன்று வயதைக் கூட்ட வேண்டும், அல்லது திருமணத்தை விட வேண்டும்.

2. *எதை மென்மையாக்குவது?* வில்ஹெல்ம் கிரிமின் கத்தரிக்கோல் ஒரு பக்கம்தான் வெட்டியது. 1812இல் ரபன்ஸல் "உடை ஏன் இறுக்கமாகிவிட்டது?" என்று தன்னை அடைத்துவைத்தவளிடம் வெகுளியாகக் கேட்கிறாள், கர்ப்பம் வெளிப்படுகிறது. பின் வந்த பதிப்புகளில் அந்த வரி போய்விட்டது. வன்முறைக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. சிண்டரெல்லாவின் சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துவது 1812இல் இல்லை, 1819இல் சேர்க்கப்பட்டது. இன்றைய பதிப்பாளரின் கவலைப் பட்டியல் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு.

3. *சம்மதம்.* உறங்குகிறவளை முத்தமிட்டு எழுப்புவது இன்று பதின்பருவத்தினரிடம் அப்படியே சொல்லக்கூடிய காட்சி அல்ல. தூங்கும் அழகியின் பசீலே வடிவம் இதைவிடப் பன்மடங்கு மோசம், இங்கே விவரிப்பதற்கில்லை. 'பழமைக்கு விசுவாசம்' என்று முழங்குகிறவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது.

வன்முறையைப் பொறுத்தவரை ஒரு நுட்பமான விஷயம் உண்டு. அளவைக் குறைப்பதைவிட, யார் கண் வழியாகக் காட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். சுண்டுவிரல் வெட்டப்படுவதைக் கதைசொல்லி ஒரு வரியில் சொன்னால் குழந்தை கடந்துவிடும். அதையே சிறுமியின் தன்மைக் கூற்றில் இரண்டு பத்தி எழுதினால், அதே செயல் தாங்க முடியாததாகிவிடும்.

வில்லிக்கும் ஒரு கண்ணீர்க் கதை

நாவல் உள்ளத்தைக் கேட்கும் வடிவம் என்பதால் சூனியக்காரியின் தரப்பைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. நன்றாக அமைந்ததும் உண்டு. டோனா ஜோ நாபொலி 1993இல் ஹேன்சல்–கிரெட்டல் கதையைக் கிழவியின் வாயாலேயே சொன்னார். அவள் ஒரு காலத்தில் மருத்துவச்சி. நோய் தீர்க்கப் பிசாசுகளை வட்டத்துக்குள் வரவழைத்து, ஒரு கணம் ஏமாந்து அவற்றிடம் சிக்கியவள். அவள் கெட்டவள் அல்ல என்று அந்த நாவல் வாதாடவில்லை. பிள்ளைகளைத் தின்னும் பசி அவளுக்குள் நிஜமாகவே இருக்கிறது, அதோடு அவள் மல்லுக்கட்டுகிறாள்.

பின்னால் வந்த பல படைப்புகள் இந்தக் கடினமான பாதியை விட்டுவிட்டு, சின்ன வயதில் அவமானப்பட்டாள், காதலில் ஏமாந்தாள் என்று பரிதாபத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எல்லாப் பேய்க்கும் காரணம் சொல்லிவிட்டால் காட்டில் பயப்பட ஒன்றும் மிஞ்சாது. கதையே தளர்ந்துபோகும்.

யாருக்குச் சொந்தம்?

சட்டம் இதில் தெளிவு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. வில்ஹெல்ம் கிரிம் 1859இலும் யாக்கோப் 1863இலும் டென்மார்க்கின் ஆண்டர்சன் 1875இலும் இறந்தவர்கள். அவர்கள் கதைகளை யாரும் எடுத்தாளலாம். இரண்டு இடங்களில் மட்டும் கால் இடறும்:

1. சமீபத்திய மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. கதை பொதுச் சொத்து, அந்த மொழிபெயர்ப்பாளரின் வாக்கியங்கள் அப்படியல்ல.
2. திரைப்படம் சேர்த்த அம்சங்கள். 1937 படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2032 முடியும் வரை இருக்கிறது. ஏழு குள்ளர்களை எழுதலாம், படம் அவர்களுக்குக் கொடுத்த பெயரையும் உருவத்தையும் எடுக்கக்கூடாது. நினைவிலிருந்து எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. எது கிரிம், எது டிஸ்னி என்று மனத்தில் கலந்து கிடக்கும். பழைய பதிப்பை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பு.

முடிவு முன்பே தெரிந்திருக்கிறது

துப்பறியும் கதையில் முடிவைச் சொல்லிவிட்டால் புத்தகம் செத்தது. இங்கே அட்டையைப் பார்த்ததுமே வாசகருக்கு முடிவு தெரியும். அரக்கன் இளவரசனாவான், செருப்பு பொருந்தும். ஆகவே 'என்ன நடக்கும்' என்ற ஆவல் 'இது எப்படி அங்கே போய்ச் சேரும்' என்பதாக மாறுகிறது. எழுத்தாளர் முடிவைக் காப்பாற்றலாம், மறுக்கலாம். காரணமின்றி மறுத்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார், அதிலும் பத்து வயது வாசகர் மன்னிப்பதே இல்லை.

ராபின் மெக்கின்லி 'அழகியும் அரக்கனும்' என்ற ஒரே கதையை இரண்டு முறை நாவலாக்கியவர். 1978இல் வந்த 'பியூட்டி'யில் அவர் போமோன் கதையின் பொறாமைக்காரச் சகோதரிகளை அன்பானவர்களாக்கிவிட்டார். வீட்டில் வில்லி இல்லை என்றால் அழகி அரக்கனிடம் போக வேறு காரணம் வேண்டும். தந்தை கொடுத்த வாக்கை அவள் தன் கௌரவமாக எடுத்துக்கொள்வது அந்தக் காரணம். அவளுடைய இயற்பெயரே ஹானர். அந்த நாவலில் அரக்கன் வழக்கம்போல இளவரசனாகிறான்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதே கதையை 'ரோஸ் டாட்டர்' என்று மீண்டும் எழுதினார். இம்முறை நாயகி ரோஜா வளர்ப்பவள். அரண்மனையின் வாடிய ரோஜாக்களை மண்ணைக் கிளறி உயிர்ப்பிப்பதிலேயே நாவலின் பெரும்பகுதி போகிறது. அந்த உழைப்பின் வழியாகத்தான் அவளும் அரக்கனும் ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். கடைசியில் அவளுக்கு ஒரு தெரிவு வைக்கப்படுகிறது: அவன் பழைய உருவம் பெற்றுச் செல்வமும் அதிகாரமும் உள்ள வாழ்வு, அல்லது அவன் அரக்கனாகவே இருந்து அவளுடைய சிறிய ஊரில் குடும்பத்தோடு வாழும் வாழ்வு. அவள் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறாள், அவன் அரக்கனாகவே அவளோடு ஊருக்குப் போகிறான். முதல் நாவலின் வாசகர்களில் ஒரு சாராருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் முந்நூறு பக்கம் அவனை அந்த முகத்தோடே பழகியவளிடம், கடைசிப் பக்கத்தில் புதிதாக ஓர் அழகனை நிறுத்தியிருந்தால் அவள் அவனை யாரென்று கேட்டிருப்பாள்.